ஈரநிலக் காப்பகத்துக்கு முதன்முறை செல்வோர்க்கு: நீரின் ஆழத்தைப் படிப்பது எப்படி

ஈரநிலக் காப்பகத்துக்கு முதன்முறை செல்பவர்களில் பலர் இரண்டு மணி நேரம் வேகமாக நடந்து, எழுந்து பறக்கும் பறவைகளின் முதுகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். என் முதல் பயணமும் அப்படித்தான் முடிந்தது. வரைபடத்தில் இருந்த பாதைகள் அனைத்தையும் ஒரே காலையில் நடந்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான் ஒவ்வொரு திருப்பத்தையும் அடைவதற்கு முன்பே அங்கிருந்தவை எல்லாம் அகன்றுவிட்டன. ஈரநிலத்தில் முதலில் பார்க்க வேண்டியது பறவையை அன்று, நீரை என்பது அடுத்தடுத்த பயணங்களில்தான் விளங்கியது. எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்துக்கு நீர் நிற்கிறது என்று படிக்கத் தெரிந்தால், எப்போது போவது, எங்கே உட்காருவது, எந்த உயிரை எங்கே தேடுவது என்பவற்றுக்கான விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

புறப்படுவதற்கு முன் நீங்கள் போகும் ஈரநிலம் எவ்வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஈரநிலம் என்றதும் நாணல் மண்டிய ஏரி ஒன்றுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உலகளாவிய உடன்படிக்கை ஈரநிலத்துக்குத் தரும் வரையறை மிகவும் அகலமானது. இயற்கையாக அமைந்ததோ மனிதர் வெட்டியதோ, ஆண்டு முழுவதும் நீர் நிற்பதோ சில திங்களில் வற்றிவிடுவதோ, நன்னீரோ உவர்நீரோ, சதுப்பு, நீர்நிலை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். கடற்பகுதியில் ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்றவற்றம், முழுவதும் வற்றிய நிலையில் 6 மீட்டருக்கு மேற்படாத ஆழம் உள்ள இடங்களும் அடங்கும். அலையாத்திக் காடு, கழிமுகச் சேற்றுப்பரப்பு, உப்பளம், நெல்வயல், பாசி படர்ந்த குளிர்நாட்டுச் சதுப்பு எல்லாமே ஈரநிலங்கள்தாம். உங்கள் நேரத் திட்டத்தை முடிவு செய்வது இந்த வகைதான்.

எப்போது போவது

கடலை ஒட்டிய காப்பகமாக இருந்தால், கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். ஓதம் வற்றும்போது சேற்றுப்பரப்பு பல கிலோமீட்டர் தொலைவுக்கு வெளியே வரக்கூடும். கரைப்பறவைகள் நீர்விளிம்பைப் பின்தொடர்ந்து இரை தேடிக்கொண்டே போய், எவ்வளவு நல்ல கருவி வைத்திருந்தாலும் அடையாளம் காண முடியாத புள்ளிகளாகிவிடும். ஓதம் ஏறும்போது நீர் அவற்றைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆகவே, ஓதம் உச்சத்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே போய் உங்கள் இடத்தில் அமர்ந்துவிடுவது நல்லது. பெரும்பாலான கடற்கரைகளில் இரண்டு உச்சங்களுக்கு இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிட இடைவெளி இருப்பதால், நேரம் நாள்தோறும் ஐம்பது நிமிடம் அளவுக்குப் பின்தள்ளிப் போகும். சென்ற வாரம் நண்பர் சொன்ன நேரத்தை நம்பி இந்த வாரம் போவதில் பயனில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அந்நாட்களில் காட்சி சிறக்கும். சில பாதைகள் நீரில் மூழ்கவும் கூடும்.

உள்நாட்டு ஏரியிலும் சதுப்பிலும் ஓதத்தின் இடத்தைப் பருவம் எடுத்துக்கொள்கிறது. இங்கே புதியவர்கள் வியக்கும் செய்தி ஒன்று உண்டு: நீர் நிறைந்து தளும்பும் நாள் எப்போதும் சிறந்த நாள் அன்று. கரை முழுக்க ஆழநீர் நின்றால் முக்குளிப்பான், நீர்க்காகம் போன்ற மூழ்குபவையும், வாத்துகளில் ஒரு பகுதியும் மட்டுமே இருக்கும். நீர் சற்று இறங்கி, விளிம்பில் ஈரச் சேறு தெரியத் தொடங்கும் நாட்களில்தான் வகைகள் பெருகும். எனவே காப்பகத்தைத் தொடர்பு கொள்ளும்போது, ‘பறவைகள் வந்துவிட்டனவா’ என்பதோடு நில்லாமல், ‘நீர்மட்டம் எப்படி இருக்கிறது’ என்றும் கேளுங்கள். நாளின் நேரத்தைப் பொறுத்தவரை, விடிந்த பின்னான முதல் இரண்டு மணி நேரமும், கதிரவன் மறைவதற்கு முன்னான ஒன்றரை மணி நேரமும் சிறந்தவை. நண்பகலில் வெப்ப அலை நீர்ப்பரப்பின் மேல் நெளிவதால், தொலைநோக்கியில் எதைப் பார்த்தாலும் அது கரைந்து ஆடும்.

வெளிச்சத்தின் திசையையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், கதிரவன் உங்கள் எதிரே இருந்தால் பறவைகள் கரிய நிழல்களாகவே தெரியும். நிறம் எதுவும் பிடிபடாது. காலையில் கிழக்குக் கரையிலும் மாலையில் மேற்குக் கரையிலும் நின்றால் ஒளி முதுகுப் பக்கத்திலிருந்து வரும். வரைபடத்தில் இதை ஒருமுறை பார்த்து வழியைத் தீர்மானித்துக்கொள்வதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை

இருநோக்கி, அதாவது பைனாகுலர், ஒன்று கட்டாயம் வேண்டும். புதிதாக வாங்குவதற்கு முன் முதல் பயணத்துக்கு இரவல் பெறுவதே அறிவுடைமை. அதன் மேல் 8x42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும், முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பத்து மடங்கு காட்டுவது எட்டு மடங்கைவிட மேலானது என்று எண்ணத் தோன்றும். ஆனால் பெருக்கம் கூடக்கூடக் கையின் நடுக்கமும் பெருகித் தெரியும். பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறுகும். தொடக்கத்தில் எட்டு மடங்கே போதும் என்பது என் உறுதியான கருத்து.

கருவி கையில் இருந்தும் அதைச் சரிசெய்யாமலே நாள் முழுதும் மங்கலாகப் பார்ப்பவர்கள் உண்டு. வலக்கண்ணை மூடிக்கொண்டு, இடக்கண்ணால் மட்டும் ஓர் அறிவிப்புப் பலகையின் எழுத்துகளைப் பார்த்து, நடுச் சக்கரத்தைச் சுழற்றித் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், பெரும்பாலும் வலப்பக்கக் கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்துகளைத் தெளிவாக்குங்கள். அதன்பின் நடுச் சக்கரம் ஒன்றே போதும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்வில்லையின் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிட வேண்டும். பறவையைக் கண்டதும் தலையைக் குனிந்து கருவியைத் தேடாமல், பார்வையை அதன் மீதே வைத்துக்கொண்டு கருவியைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். இப்பழக்கம் ஒரு மணி நேரத்தில் கைவந்துவிடும்.

உடை மங்கிய நிறத்தில் இருக்கட்டும். நிறத்தைவிட அசையும்போது சரசரக்காத துணி முக்கியமானது. முழுக்கையும் நீளக் காற்சட்டையும் கொசு, அட்டை, வெயில் ஆகிய மூன்றுக்கும் பயன்படும். கொசுவிரட்டியில் டீட் என்னும் வேதிப்பொருள் இருந்தால், பூசிய கையோடு இருநோக்கியைத் தொடாதீர்கள். அது சில வகை நெகிழிகளையும் ரப்பரையும் இளக்கிவிடும். குடிநீர், தொப்பி, சிறு குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும். ஈரம் பட்டாலும் எழுத்து அழியாது என்பதால்தான் பென்சிலைச் சொல்கிறேன்.

ஆழத்தைப் படித்தல்

உள்ளே நுழைந்ததும் நடக்கத் தொடங்காதீர்கள். நீர் தெரியும் முதல் இடத்தில் நின்று, கரையிலிருந்து நடுப்பகுதி வரை பார்வையை மெல்லச் செலுத்துங்கள். உலர்ந்த கரை, ஈரச் சேறு, கணுக்கால் அளவு நீர், முழங்கால் அளவு நீர், அதற்கப்பால் கால் நிலைக்காத ஆழநீர் என்று படிப்படியான பட்டைகள் தெரியும். ஒவ்வொரு பட்டைக்கும் உரிய குடிகள் உண்டு. அவை எங்கே நிற்கின்றன என்பதை அவற்றின் காலின் நீளமும் அலகின் வடிவமும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன.

ஈரச் சேற்றில் சில அடி ஓடி, சட்டென்று நின்று, ஒன்றைக் கொத்திவிட்டு மறுபடி ஓடும் சிறு பறவை உப்புக்கொத்தி வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதன் பெரிய கண்ணும் குட்டையான அலகும் அது பார்வையால் வேட்டையாடுவது என்பதைச் சொல்கின்றன. அதற்குப் பக்கத்திலேயே, தலையை நிமிர்த்தாமல் தையல் எந்திரத்தின் ஊசிபோல அலகைச் சேற்றில் குத்திக் குத்தி எடுப்பவை உள்ளான்கள். அவற்றின் அலகு நுனியில் தொடுவுணர்வு செறிந்திருப்பதால், புதைந்திருக்கும் புழுவைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடும். ஒரே சேற்றில் இரண்டும் சண்டையின்றி மேய்வதற்குக் காரணம், ஒன்று மேற்பரப்பில் உள்ளதையும் மற்றொன்று அடியில் உள்ளதையும் எடுப்பதுதான்.

கணுக்கால் நீரிலிருந்து முழங்கால் நீர் வரை நீண்ட கால்களின் ஆட்சி. இளஞ்சிவப்புக் குச்சிகள் மேல் நிற்பதுபோல் தோன்றும் நெடுங்கால் உள்ளான், நீண்ட நேரான அலகை அடிவரை இறக்கும் மூக்கன், மேல்நோக்கி வளைந்த அலகைப் பக்கவாட்டில் வீசி நடக்கும் கோணமூக்கு உள்ளான் ஆகியவற்றை இங்கே தேடலாம். கரண்டிவாயன் சற்றே திறந்த அலகை நீருக்குள் இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டு போவதைப் பார்த்தால், அதன் அலகு ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கால் நீரை இறைத்து, அலகின் ஓரத்துச் சல்லடையில் நுண்ணுயிர்களை வடித்துக்கொள்ளும். இவற்றுக்கு நடுவே அசையாமல் நிற்கும் நாரையை எளிதில் கடந்துபோய்விடாதீர்கள். கால் மணி நேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு முறையாவது கழுத்து அம்புபோல் பாயும்.

மிதக்கும் வாத்துகளிலும் ஆழத்தைப் படிக்கலாம். வாலை மேலே தூக்கி, தலையை மட்டும் நீருக்குள் கவிழ்த்து மேய்பவை அடியை எட்டும் ஆழத்தில்தான் மேய முடியும். ஆகவே ஊசிவால் வாத்து கவிழும் இடத்தில் நீர் ஆழமில்லை என்று கரையிலிருந்தே சொல்லிவிடலாம். முழுதாக மறைந்து வேறோர் இடத்தில் எழுபவை ஆழநீர்க்காரர்கள். நீர்க்காகம் மூழ்கி எழுந்தபின் பாறையிலோ கட்டையிலோ சிறகை விரித்து நிற்பதைக் கட்டாயம் பார்ப்பீர்கள். அதன் புறச்சிறகுகள் வாத்தின் சிறகைப் போல நீரை முற்றாகத் தள்ளுவதில்லை; நனைவதால் மிதப்பு குறைந்து மூழ்குவது எளிதாகிறது, பின்னர் உலர்த்த வேண்டியதாகிறது. மிதக்கும் இலைகள் மேல் நடப்பது இலைக்கோழி. மிக நீண்ட விரல்கள் அதன் எடையைப் பரப்பிவிடுகின்றன.

பெயர் தெரியவில்லையே என்று இந்தக் கட்டத்தில் கவலைப்பட வேண்டாம். எந்தப் பட்டையில் நின்றது, எப்படி இரையெடுத்தது, அலகு தலையின் நீளத்தைவிட நீண்டதா குட்டையா, கால் என்ன நிறம் என்னும் நான்கையும் குறித்துக்கொண்டால், வீட்டில் களக் கையேட்டைப் புரட்டும்போது தேட வேண்டிய பக்கங்கள் வெகுவாகக் குறைந்துவிடும். உடல் நிறத்தை மட்டும் குறித்து வருபவர்கள்தாம் திண்டாடுவார்கள். கரைப்பறவைகளில் பல, இனப்பெருக்கம் இல்லாத காலத்தில் ஏறத்தாழ ஒரே சாம்பற்பழுப்பாக இருக்கும்.

மறைகுடிலும் பாதையும்

பல காப்பகங்களில் பறவைகள் நம்மைக் காணாதபடி பலகையால் கட்டி, குறுகிய சாளரங்கள் வைத்த மறைகுடில்கள் இருக்கும். உள்ளே நுழைந்ததும் இருட்டுக்குக் கண் பழகும்வரை நின்று, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இடையூறின்றி உட்காருங்கள். கையையோ கேமராக் குழலையோ சாளரத்துக்கு வெளியே நீட்டினால் மறைகுடில் கட்டியதன் பயனே போய்விடும். குறைந்தது அரை மணி நேரம் இருப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் பத்து நிமிடத்தில் ஒன்றுமில்லாத இடமாகத் தோன்றுவது, நாணல் விளிம்பிலிருந்து நாமக்கோழியும் தாழைக்கோழியும் ஒவ்வொன்றாக வெளியேறத் தொடங்கியதும் மாறிவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் ‘என்ன பார்க்கிறீர்கள்’ என்று தாழ்ந்த குரலில் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். பறவை பார்ப்பவர்கள் பொதுவாகக் கேட்காமல் பேசமாட்டார்கள், கேட்டால் நிறுத்தமாட்டார்கள்.

பாதையை விட்டு இறங்கக் கூடாது என்ற விதியை எல்லாக் காப்பகங்களும் எழுதி வைத்திருக்கும். காரணத்தை எழுதி வைப்பவை குறைவு. கரைப்பறவைகளிலும் ஆலாக்களிலும் பல, கூடு என்று எதையும் கட்டாமல், வெறுந்தரையில் கூழாங்கல் நிறத்து முட்டைகளை இடுகின்றன. மிதித்த பிறகுதான் அங்கே முட்டை இருந்தது தெரியவரும். பாசிச் சதுப்புகளில் காரணம் வேறு. அங்கே முற்றா நிலக்கரிப் படிவு, அதாவது நீரில் அரைகுறையாக மட்கிய தாவரங்களின் அடுக்கு, ஓர் ஆண்டில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவுக்கே சேர்கிறது. இத்தகைய நிலங்கள் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் என்றாலும், உலகின் காடுகள் அனைத்திலும் உள்ள மரஞ்செடிகளைவிட மிகுதியான கார்பனைத் தம்முள் வைத்திருக்கின்றன. பலகைப்பாதை போட்டிருப்பது உங்கள் செருப்பைக் காப்பதற்காக மட்டும் அன்று.

சேற்றுப்பரப்பில் இறங்காமலிருப்பதற்கு உங்கள் உயிரும் ஒரு காரணம். மேலே உறுதியாகத் தெரியும் சேறு உள்ளே கூழாக இருக்கலாம். ஓதம் திரும்பினால் நீர் எதிர்பாராத வாய்க்கால் வழியாகப் பின்புறமிருந்து சூழ்ந்துகொள்ளும். கால் புதைந்துவிட்டால் ஒரு காலை ஊன்றி மற்றதைப் பலமாக இழுக்காதீர்கள், ஊன்றிய கால் இன்னும் ஆழமாகப் போகும். உடனே உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு, பின்புறம் சாய்ந்து எடையைப் பரப்பி, கால்களைச் சிறுகச் சிறுக அசைத்து விடுவித்து, வந்த வழியே தவழ்ந்து திரும்புங்கள்.

எவ்வளவு நெருங்கலாம்

இதற்கு மீட்டர் கணக்கு சொல்ல முடியாது, பறவையே சொல்லிவிடும். மேய்ந்துகொண்டிருந்தவை மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் உங்களைக் கண்டுவிட்டன. கழுத்தை நீட்டி, உங்களிடமிருந்து விலகி நடக்கத் தொடங்கினால் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். எச்சரிக்கைக் குரல் எழுந்தால் அதைத் தாண்டிவிட்டீர்கள். நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். அவை பறக்கும்வரை காத்திருந்து பிறகு வருந்துவதில் பொருளில்லை. ஓர் உப்புக்கொத்தி சிறகு முறிந்ததுபோல் இழுத்து இழுத்து நடந்து காட்டினால், அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது, உங்களை அது வேறு திசைக்கு இழுக்கிறது. காலடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

ஒருமுறை எழுப்பிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு வலசையின் கணக்கைச் சொல்வேன். 2022ஆம் ஆண்டு, பட்டைவால் மூக்கன் இனத்தைச் சேர்ந்த ஓர் இளம் பறவை, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில், எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி அதைப் பதிவு செய்தது. வழியில் உண்பதற்கு எதுவும் இல்லாத அந்தப் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பு முழுவதும் புறப்படுவதற்கு முன் சேற்றில் தேடிச் சேர்த்தது. வலசைப் பறவைகள் தங்கும் காப்பகத்தில் நீங்கள் பார்க்கும் மேய்ச்சலும் இத்தகைய சேமிப்பே. ஒவ்வொரு பதற்றப் பறப்பும் அச்சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவாகிறது. ஒரே நாளில் ஐம்பது பேர் ஆளுக்கு ஒருமுறை எழுப்பினால் என்னவாகும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

படம் எடுப்பவர்கள் ஃபிளாஷைத் தவிர்க்க வேண்டும். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதையும் தவிர்க்க வேண்டும். அக்குரலைப் போட்டிக்கு வந்த மற்றொரு பறவையாகக் கருதி, கூட்டையும் குஞ்சையும் விட்டு அது வெளியே வரும். டிரோனைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை, பல காப்பகங்களில் அதற்குத் தடையே உண்டு. இறந்து கிடக்கும் பறவையைக் கண்டால், பறவைக் காய்ச்சலோ நீரில் உண்டாகும் நச்சோ காரணமாக இருக்கலாம் என்பதால், தொடாமல் இடத்தைக் குறித்து ஊழியரிடம் தெரிவியுங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்கள் தட்டான்களையும் தவளைகளையும் முதன்மையாகக் கொள்வது நல்லது. அரை மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்வது ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தண்டனை. இறக்கையை விரித்தபடி அமர்வது தட்டான், பெரும்பாலும் உடலோடு மடக்கி அமர்வது ஊசித்தட்டான் என்று பிரித்துக் காட்டினால் அதுவே அடுத்த பத்தைக் கண்டுபிடித்துவிடும்.

எண்ணுவதும் எழுதுவதும்

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவு துண்டுகள் கூட்டத்தில் எத்தனை உள்ளன என்று பாருங்கள். மிகப் பெரிய கூட்டமானால் நூறு நூறாகத் துண்டிடலாம். விளிம்புகளில் கூட்டம் ஐதாக இருக்கும் என்பதை மறந்தால் கணக்கு ஊதிவிடும். 1967 முதல் ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜனவரியில், பல நாடுகளில் நடந்துவரும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் பெருங்கூட்டங்களை இப்படித்தான் மதிப்பிடுகிறார்கள். அதில் பங்கேற்பவர்களில் மிகப் பலர் தன்னார்வலர்களே. உங்கள் பட்டியலை, 2002இல் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் ஏற்றினால் அது ஆய்வுக்குப் பயன்படும். அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தை மட்டும் எங்கும் வெளியிடாதீர்கள்.

தேதி, நேரம், காற்று, வானம் ஆகியவற்றோடு நீர்மட்டத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அளவுகோல் நட்டிருந்தால் அதன் எண்ணை எழுதலாம். இல்லையென்றால், ‘மூன்றாம் கம்பத்தின் அடி வரை நீர்’ என்பதுபோல் ஒரு நிலையான அடையாளத்தை வைத்து எழுதலாம். அடுத்த பயணத்துக்கு இந்தக் குறிப்பு பறவைப் பட்டியலைவிடப் பயன்படும்.

வெளியேறும்போது காலணியின் அடியில் ஒட்டியுள்ள சேற்றையும், சட்டையிலும் பையிலும் ஒட்டியுள்ள விதைகளையும் அங்கேயே தட்டி நீக்கிவிடுங்கள். அயல் களைகளின் விதையும், தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் என்னும் பூஞ்சையும் ஈரச் சேற்றோடு ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் பயணம் செய்யக்கூடியவை. வீட்டுக்கு வந்ததும் காலணியைத் தேய்த்துக் கழுவி, அடுத்த நீர்நிலைக்குப் போவதற்கு முன் உள்ளும் புறமும் முழுதாகக் காயும்படி வெயிலில் வையுங்கள்.